கறுப்பு வளையம்

அந்த வருஷம் கடியபட்டணத்துக் கல்லில்
சிப்பி பிடிக்கவில்லை.
சிப்பி இருக்கவேண்டிய இடத்தில்
தேன்கூடு மாதிரி ஒன்று.
தடவினால் மணல், தட்டினால் கல்.
எங்கள் ஆட்கள் அதற்குப் பெயரே வைத்ததில்லை.
தின்ன முடியாததற்கு எதற்குப் பெயர்.
கம்பியால் இடித்தால்
கால் ஊன்ற இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நாகர்கோவிலிலிருந்து வந்த ரெஜிலா
கட்டிக்கு நூறு ரூபாய் என்றாள்.
"உயிரோட வேணும் கிளீட்டஸ் அண்ணே.
உடையாம."
உடைத்தே பழகிய கைக்குப் புது வேலை.
உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு முங்கினேன்.
கரையில் நின்று வியாகுலம் கேட்டான்:
"புழு யாவாரம் எப்பிடி லே?"

அலை வந்து மோதுகிற இடமாய்ப் பார்த்து
ஏன் குடியிருக்கிறது இது என்று கேட்டேன்.
மணல் கொண்டு வருவது அலை,
சோறு கொண்டு வருவதும் அலை,
அசையாத தண்ணீரில் போட்டால்
பட்டினி கிடந்து சாகும் என்றாள்.

தெர்மாகோல் பெட்டியில் கடல்.
குமிழி விடும் சின்ன மோட்டார்.
லென்ஸைக் கையில் தந்தாள்.
சுண்டுவிரல் நீளம்கூட வராத புழு,
தலையில் பொன்முள் வரிசை:
அதுதான் கதவு.
வேலியிறக்கத்தில் தண்ணீர் வற்றும்போது
உள்ளே இழுத்துக்கொண்டு
தன் தலையாலேயே வாசலை அடைக்கும்.
அடுத்த வெள்ளம் ஏறும்வரை
இருக்கிற ஈரத்தில் இருக்கும்.

வாயைச் சுற்றி நூல் நூலாய்க் கைகள்.
ஒரு மணல் வந்து தட்டும்.
உதட்டில் வைத்து உருட்டும், திருப்பும்,
பிடிக்காவிட்டால் தள்ளிவிடும்.
பிடித்ததில் பசை தொட்டு
விளிம்பில் வைத்து அழுத்தும்.
தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற பசை.
என் வீட்டு வடமேற்கு மூலை
மூன்று மழையாய்க் கசிகிறது.

"வெளிக்கி எப்பிடி இருக்கும்?" என்றேன்.
சிரித்துவிட்டாள்.
வால் மடங்கி மேலே வரும்,
தின்ற வாசல் வழியாகவே வெளியேற்றும்.
ஒற்றை வாசல் வீடு.
சுனாமி காலனியிலும்
எங்களுக்கு இப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள்.
மணவாளக்குறிச்சிக் கரையில் அள்ளிய
கறுப்பு மணலை ஒரு கரண்டி தூவினாள்.
ஒன்பது நாள் கழித்துப் போனால்
வெளிறிய குழாய்களின் நுனியில்
மோதிரம் மோதிரமாய்க் கறுப்பு.
"எந்த நாள்ல எங்க இருந்துதுன்னு
இனி வீடே சொல்லும்."
எனக்கு அதைச் சொல்ல
ரேஷன் கார்டு, கரண்டு பில்,
பங்குச் சாமியார் கடுதாசி
எல்லாம் வேண்டியிருந்தது.

முட்டையைக் கடலில் விட்டுவிடும்.
வாரக்கணக்கில் மிதக்கிற குஞ்சு
கல் கல்லாய்த் தொட்டுப் பார்க்கும்,
பழைய பசை இருக்கிற இடத்தில் இறங்கும்.
செத்த புழுவின் வீடானாலும் போதும்,
யாரோ இங்கே இருந்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு.
இதை அவள் சொன்னபோது
நான் இடித்துத் தள்ளிய கட்டிகளை
எண்ணப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

வேலை முடிந்ததும்
எடுத்த கல்லிலேயே வைக்கச் சொன்னாள்.
பசை எனக்குச் சுரக்காது.
வெடிப்பில் செருகி
வலைநூலால் நாலு சுற்று கட்டினேன்.

இந்த வருஷம் சிப்பி வந்திருக்கிறது.
மணல்கூட்டின் மேலேயே பிடித்திருக்கிறது கொத்துக் கொத்தாய்.
சிப்பி வேண்டுமானால் கூடு உடையும்.
உடைத்தேன். மகள் பீஸ் கட்டவேண்டும்.
வலைநூல் கட்டிய இடம் மட்டும்,
ஒரு சாண் இருக்கும், அப்படியே நிற்கிறது.
புண்ணியம் ஒன்றுமில்லை, கம்பி அங்கே போகவில்லை.

அலை பின்வாங்கிய நொடியில் குனிந்து பார்த்தேன்.
கறுப்பு வளையத்துக்கு மேல்
விரற்கடை அளவு புது மணல்.
என் நிழல் விழுந்ததும்
அத்தனையும் தலையால் கதவைச் சாத்தின.
ஆளைத் தெரிந்திருக்கும்.